புவிவெப்பத்துக்கு எந்த மாதிரிச் சங்கம் வேண்டும்?

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவருக்குச் சங்கம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீசல் விலை ஏறினால் கூடுவோம். அடிக்கு இத்தனை ரூபாய் என்று பேசி முடிப்போம். ஒத்துவராவிட்டால் வண்டிகளை ஓரங்கட்டுவோம். நான் அந்தத் தொழில் நடந்த வீட்டில் வளர்ந்தவன். சங்கம் மட்டும் இல்லையென்றால் பாதிப் பேர் வண்டியை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன். அதனால் சங்கம் வேண்டுமா என்று நான் கேட்கப் போவதில்லை. எந்த மாதிரிச் சங்கம் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? பூமிக்கடியில் இருக்கும் சூட்டை எடுத்துப் பயன்படுத்துவதுதான் புவிவெப்பம். 2025 செப்டம்பரில் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் அதற்கென்று தேசியப் புவிவெப்பக் கொள்கையை வெளியிட்டது. நாடு முழுக்க 381 வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ 10,600 மெகாவாட் வரை எடுக்க வாய்ப்பு உண்டு என்ற மதிப்பீடும் நெடுநாளாக இருக்கிறது. கொள்கை மின்சாரத்தோடு நிற்கவில்லை. கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளைத் திரும்பப் பயன்படுத்துவது, பசுமைக்குடில்களைச் சூடாக்குவது, நிலத்துக்குள் குழாய் இறக்கிக் கட்டடத்துக்குச் சூடும் குளிரும் கொடுக்கிற ஹீட் பம்ப் எல்லாம் அதற்குள் வருகின்றன. ஹீட் பம்புக்கான துளை பெரும்பாலும் 300 முதல் 500 அடிதான். நம் வண்டிகள் தினமும் போடுகிற ஆழம். அப்புறம் கேட்க வேண்டுமா, "நாமும் ஒரு சங்கம் ஆரம்பிச்சுடலாமே" என்று தொழிலில் இருக்கும் நண்பர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலமே இல்லாத நம்மூரில் இந்த ஹீட் பம்புக்குப் பெரிய தேவை இல்லை. மண்ணுக்கடியிலேயே வருடம் முழுக்க வெதுவெதுப்பு. வேலை இருப்பது லடாக், இமாசலம், உத்தராகண்ட் பக்கம். மாநிலம் தாண்டிப் போய்ப் போர் போடுவது நமக்குப் புதிதில்லை என்பதால்தான் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் இருக்கிறது.

சூரிய மின்சாரத்துக்கும் புவிவெப்பத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வெயில் இருக்கிறதா என்று பார்க்கக் கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். பூமிக்கடியில் சூடும் நீரும் சேர்ந்து கிடைக்கிறதா என்று பார்க்கத் துளை போட்டே ஆக வேண்டும். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. 2013இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புவிவெப்பக் கிணறுகளை வைத்து ஒரு ஆய்வு செய்தது. தேடுதல் கட்டத்தில் போட்ட கிணறுகளில் சுமார் 60%தான் தேறின. அதே களத்தில் அனுபவம் கூடக்கூட அது 80%ஐத் தாண்டுகிறது. முதல் துளை போடுகிறவன்தான் அடி வாங்குகிறான், பின்னால் வருகிறவனுக்கு அவன் பட்ட பாடு பாடமாகிறது. தண்ணீர் போரிலும் இதே கதைதான், தொகை மட்டும் பல மடங்கு. புவிவெப்பச் சங்கம் எது செய்தாலும் இந்த இடத்தில் கை கொடுக்கிறதா என்று பார்த்துத்தான் நான் எடை போடுகிறேன்.

நமக்கு நன்றாகப் பழகியது விலை கேட்கும் சங்கம். துருக்கியைப் பாருங்கள். 2010 கடைசியில் அங்கே சட்டத்தைத் திருத்தி, புவிவெப்ப மின்சாரம் யூனிட்டுக்கு 10.5 அமெரிக்க சென்ட் என்று பத்து வருடத்துக்கு உறுதி கொடுத்தார்கள். 2010இல் 100 மெகாவாட்டைக்கூடத் தொடாத நாடு 2020இல் 1,500 மெகாவாட்டைத் தாண்டிப் போய்விட்டது. மின்நிலைய முதலீட்டாளர்களுக்கு ஜெஸ்டர் என்று ஒரு சங்கம் இருக்கிறது. விலை ஆதரவு தொடர வேண்டும் என்று அரசிடம் விடாமல் பேசிவந்த சங்கம். நல்ல விலை இருந்தால் துளை போட ஆள் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அந்த மின்நிலையங்களில் நிறைய இருப்பது அய்தின் மாகாணத்தில். உலகத்துக்கே அத்திப்பழம் அனுப்புகிற மண் அது. அத்தித் தோப்புக்கும் ஒலிவத் தோப்புக்கும் நடுவில் மின்நிலையங்கள் எழுந்தன. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருகிற நீர் என்பதால் கரியமில வாயுவும் அதிகம். காய் கெடுகிறது, காற்றில் நாற்றம், ஓடையில் கழிவுநீர் என்று விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். எவ்வளவு பாதிப்பு மின்நிலையத்தால், எவ்வளவு வேறு காரணத்தால் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. 2021 நடுவில் டாலர் விலை போய் அந்நாட்டுப் பணமான லிராவில் விலை வந்தது, புதிய திட்டங்களின் வேகமும் குறைந்தது. விலையை மட்டும் நம்பி வளர்ந்த தொழில் விலை போனால் தளர்ந்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டிய காலம் விலை பேசுவதிலேயே போய்விட்டது என்பது என் எண்ணம்.

விலைக்குப் பதில் வேறொன்றைக் கேட்கிற சங்கமும் உண்டு. 1998இல் தொடங்கிப் பிரசெல்ஸில் இயங்கும் ஐரோப்பியப் புவிவெப்ப ஆற்றல் கவுன்சில், துளை பொய்த்துப் போனால் நட்டத்தைப் பங்கிடுகிற காப்பீட்டு ஏற்பாடு ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும் என்று நீண்டகாலமாகப் பேசிவருகிறது. பிரான்ஸில் 1980களின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு நிதி வந்துவிட்டது. பாரிஸைச் சுற்றி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் போகிறது என்றால் அதில் அந்த நிதிக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் துளைக்காரனின் அடியைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. அரசிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

அறிவு பரப்பும் சங்கங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1988இல் பன்னாட்டுப் புவிவெப்பச் சங்கம் தொடங்கியது. அது நடத்தும் உலக மாநாடு 1995இல் ஃபுளோரன்ஸில் ஆரம்பித்து ஜப்பான், அந்தால்யா, பாலி, மெல்பர்ன், ரெய்க்யவிக், பெய்ஜிங் என்று சுற்றி வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆய்வாளர்களுக்கு ஒரு அமைப்பு, வாஷிங்டனில் அரசோடு பேச இன்னொரு அமைப்பு என்று தனித்தனியே இருந்து, கடைசியில் 2020 வாக்கில் ஜியோதெர்மல் ரைசிங் என்ற ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. இவற்றில் உறுப்பினர் ஆவது நல்லது, செலவும் பெரிதில்லை. ஆனால் கட்டுரை படித்துவிட்டு வந்தவனால் மட்டும் துளை போட முடியாது. ஐஸ்லாந்து 1978 முதல் வளரும் நாட்டுப் பொறியாளர்களை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தது. அங்கே படித்த கென்யர்கள்தான் தங்கள் நாட்டின் ஒல்காரியாப் புவிவெப்பக் களத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள். இன்று கென்யாவின் மின்சாரத்தில் சுமார் 40% பூமிச் சூட்டிலிருந்து வருகிறது. அது அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. அதைச் சங்கத்தின் கணக்கில் எழுத முடியாது.

இனி நம் கைக்கு அருகில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெர்மனியின் தெற்கில் ஷ்டாஃபன் என்று ஒரு சிறிய பழைய ஊர். 2007இல் அங்கே நகரமன்றக் கட்டடத்தைச் சூடாக்க ஹீட் பம்ப் வைக்கலாம் என்று ஏழு துளைகள் போட்டார்கள். ஒவ்வொன்றும் 140 மீட்டர், அதாவது 460 அடி. நாம் ஒரு பகலில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிற வேலை. அங்கே கீழே அன்ஹைட்ரைட் என்ற பாறை இருந்தது. ஈரம் படாதவரை அது சும்மா இருக்கும். தண்ணீர் பட்டால் ஜிப்சமாக மாறி ஊதும். துளையின் சுற்றுப்புறம் சரியாக அடைபடாததால் அழுத்தத்தில் இருந்த நிலத்தடி நீர் அந்தப் பாறைக்குள் ஏறிவிட்டது. சில வாரங்களிலேயே சுவர்களில் கீறல் விழ ஆரம்பித்தது. ஊர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலே எழும்பிய காலமும் உண்டு. 250க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல். நூற்றாண்டுகள் நின்ற நகரமன்றமே பிளந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் வேலைமுறைதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் போரில் மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவோம், பாறை தட்டியதும் நிறுத்துவோம். அதற்குக் கீழே வெறும் துளைதான். ஹீட் பம்ப் துளையில் அப்படி விட முடியாது. யு வடிவக் குழாயை அடிவரை இறக்கி, அதோடு இன்னொரு குழாயையும் விட்டு, சிமென்டும் பென்டோனைட் களிமண்ணும் கலந்த கூழைக் கீழிருந்து மேலே நிரப்பிக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் பொந்து விழும். பொந்து விழுந்தால் மேல்நீரும் கீழ்நீரும் கலக்கும், சூடும் சரியாகக் கடத்தாது. துளை போட நம்மைவிட வேகமான ஆள் கிடையாது. அடைக்கிற வேலையைத்தான் நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் எழுந்தது. 1987இல் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பன்னாட்டு நிலவெப்பப் பம்புச் சங்கம். குழாய் இணைப்பது, துளையை அடைப்பது, நிலத்தின் வெப்பக் கடத்தலை அளப்பது என்று வேலை செய்கிறவர்களுக்கே பாடம் நடத்திச் சான்றிதழ் கொடுத்தது. பெரிய தலைப்புச் செய்தியில் அந்தச் சங்கத்தின் பெயர் வராது. ஆனால் ஒரு வீட்டுக்காரர், "இவருக்குச் சான்றிதழ் இருக்கிறது, துளையை ஒழுங்காக அடைப்பார்" என்று நம்பி வேலை கொடுத்தால், புவிவெப்பத்தை வளர்த்தது அந்த நம்பிக்கைதான். ஷ்டாஃபன் போல ஒரே ஒரு ஊர் போதும், பத்து வருட விளம்பரத்தையும் அழித்துவிடும். ஷ்டாஃபன் இருக்கிற ஜெர்மன் மாநிலம் பிறகு துளையிடும் விதிகளை இறுக்கியது. ஊர் உடைந்தபிறகு வந்த விதி. அதை முன்கூட்டியே தொழில்காரர்களே எழுதியிருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நெதர்லாந்துக் கதை இன்னும் கொஞ்சம் பாடம் சொல்கிறது. அங்கே புவிவெப்பத்தைத் தொடங்கி வைத்தது எரிசக்திக் கம்பெனிகள் இல்லை, தக்காளி விவசாயிகள். கண்ணாடிக் குடில்களுக்கு எரிவாயு வாங்கிக் கட்டுப்படியாகாமல், 2007 வாக்கில் பிளைஸ்விக் என்ற இடத்தில் ஒரு தக்காளித் தோட்டக்காரர் துணிந்து முதல் ஜோடிக் கிணற்றைப் போட்டார். ஒரு கிணற்றில் வெந்நீரை எடுத்து, சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு கிணற்றில் திருப்பி இறக்குகிற முறை. 2009இல் அரசு, கிணறு பொய்த்தால் நட்டத்தில் பங்கேற்கும் உத்தரவாதத்தைக் கொண்டுவந்தது. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

விவசாயி நல்ல விவசாயியாக இருக்கலாம். இரண்டு கிலோமீட்டர் ஆழக் கிணற்றை நடத்துவது வேறு வித்தை. 2017இல் சுரங்கக் கண்காணிப்பு அமைப்பு ஒரு அறிக்கையில் இந்தத் தொழிலில் பாதுகாப்பு அறிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஒரு சங்கத்தின் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும். "எங்களை நசுக்கப் பார்க்கிறார்கள்" என்று கொடி பிடித்திருக்கலாம். கிணறு நடத்துகிறவர்களின் சங்கமான டாகோ, கிணறு எப்படிக் கட்ட வேண்டும், துருப்பிடித்தலை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று தொழில்துறைத் தரங்களை வகுக்கிற வழியில் போனது. 2018இல் அரசு அமைப்புகளோடு சேர்ந்து, வருடத்துக்கு எடுக்கும் சூட்டை 2030க்குள் 50 பெட்டாஜூல், 2050க்குள் 200 பெட்டாஜூல் (ஆற்றலை அளக்கும் பெரிய அலகு) ஆக்கும் இலக்கோடு ஒரு பெருந்திட்டமும் வந்தது. 2021இல் டாகோவும், பிரசாரம் செய்துவந்த இன்னொரு அமைப்பும் சேர்ந்து கியோதெர்மி நெதர்லாந்து ஆகிவிட்டன. கிணறு நடத்துகிறவர்களும் ஊருக்கு எடுத்துச் சொல்கிறவர்களும் ஒரே கூரைக்குள். தவறைச் சுட்டிக்காட்டியவரையே சேர்த்துக்கொண்டு தரம் எழுதுகிற சங்கம் எனக்கு மிகவும் பிடித்த மாதிரி.

நெதர்லாந்தில் தரவு விஷயமும் கவனிக்க வேண்டியது. ஆழக் கிணறுகளின் விவரங்கள் குறிப்பிட்ட சில வருடங்களில் பொதுவுக்கு வந்துவிடுகின்றன. பழைய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் பாறை விவரங்களை வைத்துத்தான் தக்காளிக்காரர் தன் கிணற்றைத் தேர்வு செய்ய முடிந்தது. நம்மூரில்? போன மாதம் பக்கத்துக் காட்டில் போர் போட்டவன் எத்தனை அடியில் பாறை, எத்தனையில் ஈரம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான். ஆளாளுக்கு ஒரு நோட்டு, அதுவும் வண்டியின் டேஷ்போர்டில் கிடந்து கிழிந்து போகும்.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே சங்கமே சங்கத்தை எதிர்த்தது. பூமிச் சூட்டு வளத்தில் உலகில் மூன்றாவது இடம் என்கிறார்கள், 23,000 மெகாவாட்டுக்கு மேல். ஓடுவதோ 600 மெகாவாட்டுக்கு உள்ளேதான். வளத்தில் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்குள் இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒன்சென் எனும் வெந்நீர்க் குளியல் விடுதிகள். 1929 முதல் இருக்கிற ஜப்பான் ஒன்சென் சங்கம், கண்டபடி நடக்கும் புவிவெப்பத் திட்டங்களை எதிர்க்கிறது. மின்நிலையக்காரர்களின் ஜப்பான் புவிவெப்பச் சங்கம் வந்ததே 2012இல்தான். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு.

ஒன்சென்காரர்களின் பயம் வெறும் பிடிவாதமாக எனக்குத் தெரியவில்லை. ஏன் என்றால், அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் எங்கள் வண்டி எழுநூறு அடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் முழு அழுத்தத்தில் இருக்கிறது. அடுத்த வரப்பிலிருந்து ஒரு பெரியவர் வேகமாக வந்தார். "ஏனுங் தம்பி, உங்க வண்டி ஓடறப்ப என்ற போர்ல காத்து வருதுங். செத்த வந்து பாருங்" என்றார். போய்ப் பார்த்தேன். அவர் போரின் மூடி தடதடவென்று ஆடுகிறது, பைப் ஓரமாகச் சேறு கொப்பளிக்கிறது. பாறையில் இருந்த வெடிப்பு இரண்டு போரையும் சேர்த்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். தோட்டத்துக்காரர் சத்தம் போட்டார். அவர் கொடுக்கிற காசு அவருக்கு, பெரியவரின் போர் பெரியவருக்கு. நடுவில் நின்று பேச ஒரு அமைப்பும் இல்லை. அடிக்கு எத்தனை ரூபாய் என்று எழுதி வைத்திருந்த எங்கள் சங்கத்திடம் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஒன்சென் சங்கம் அந்த வரிகளை எழுதி வைத்திருந்தது. 2012இல் அவர்கள் கேட்டவை ஐந்து. ஊரார் சம்மதம். இரு தரப்பும் தகவலைத் திறந்து வைப்பது, அதைப் பார்க்க நடுநிலையான ஒரு அமைப்பு. அளவுக்கு மீறி எடுக்காமல் தடுக்கும் விதி. தொடர்ந்து, பரவலாகக் கண்காணிப்பு. ஊற்று பாதிக்கப்பட்டால் அதை மீட்டுக் கொடுப்பது யார் பொறுப்பு என்பது எழுத்தில். புவிவெப்பத்தை எதிர்க்கிறவர்கள் எழுதியதாக வைத்துப் படித்தால் தடைக்கல். வளர்க்கிறவர்கள் படித்தால், இதைவிட நல்ல ஒப்பந்தப் படிவம் கிடைக்காது.

ஃபுகுஷிமா மாவட்டத்தில் த்சுச்சியு ஒன்சென் என்ற சிற்றூர் இதற்குச் சாட்சி. 2011 நிலநடுக்கத்தில் விடுதிகள் பல மூடிப்போயின. ஊர்க்காரர்களே கம்பெனி தொடங்கி, ஏற்கெனவே இருந்த ஊற்றின் சூட்டை வைத்தே 400 கிலோவாட் மின்நிலையம் அமைத்தார்கள். 2015 இறுதியில் ஓட ஆரம்பித்தது. புதிதாகப் பெரிய துளை இல்லை, குளியலுக்குப் போகிற நீரும் குறையவில்லை. மின்நிலையத்திலிருந்து மிஞ்சும் வெதுவெதுப்பில் பெரிய நன்னீர் இறால் வளர்க்கிறார்கள், வருகிறவர்கள் பிடித்துச் சுட்டுத் தின்னலாம். 400 கிலோவாட் என்பது சின்ன எண்தான். ஆனால் ஒன்சென்காரர்களே நடத்துகிற புவிவெப்பத்தை எந்த ஒன்சென் சங்கம் எதிர்க்கும்?

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் இந்தியாவுக்கு எது பொருந்தும்? லடாக்கின் புகா பள்ளத்தாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 14,000 அடிக்கு மேல் உயரம். 2021இல் அங்கே ஒரு மெகாவாட் முன்னோடித் திட்டத்துக்கு ஒப்பந்தம் ஆனது. 2022 ஆகஸ்டில் துளையிடும்போது வெந்நீர் கட்டுக்கடங்காமல் வெளியே வந்து ஓடையில் கலந்தது. அந்தப் பள்ளத்தாக்கு சாங்பா மேய்ப்பர்களின் மேய்ச்சல் நிலம். பஷ்மினா ஆடுகள் குடிக்கிற தண்ணீர் அந்த ஓடையில் ஓடுகிறது. அய்தினில் அத்தி, ஜப்பானில் குளியல், இங்கே ஆடு.

ஆகவே, விலை கேட்கும் சங்கத்தை முதலில் தொடங்க வேண்டாம் என்பது என் முடிவு. நமக்கு அது எளிது, கைவந்த கலை, அதனாலேயே அதில் மாட்டிக்கொள்வோம். இந்தியாவில் இன்னும் விற்கப் பெரிதாக மின்சாரமே வரவில்லை, எதற்கு விலை பேசுவது? அறிவுச் சங்கம் தனியாக வேண்டாம், பன்னாட்டுச் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் போதும். நான் தேர்ந்தெடுப்பது நெதர்லாந்துக்காரர்களின் சங்கம், அதற்குள் ஓக்லஹோமாவின் பயிற்சி. கூடவே ஒன்சென்காரர்களின் ஐந்து கோரிக்கைகள் நம் விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும். இதற்கு ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை: மெதுவாக நடக்கும். முதல் இரண்டு மூன்று வருடத்தில் உறுப்பினருக்குக் கையில் காசாக ஒன்றும் கிடைக்காது. சந்தா கட்டியவர் "என்ன பண்ணுச்சு சங்கம்?" என்று கேட்பார். அரசிடம் நட்டக் காப்பீட்டு நிதி கேட்டுப் போராடுவதை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தரவும் தரமும் கையில் இருந்தால் அந்தக் கோரிக்கைக்கு எடை கூடும். காப்பீடு கொடுக்கிறவன் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

உறுப்பினர் சேர்க்கைக்கு நான் யோசித்து வைத்திருப்பது இது. நுழைவுக் கட்டணத்தோடு, கடைசியாகப் போட்ட பத்துப் போரின் கணக்கைக் கொடுக்க வேண்டும்: இடம், ஆழம், எத்தனை அடியில் என்ன பாறை, எங்கே ஈரம், எங்கே வெடிப்பு, அடியில் வெப்பம் எவ்வளவு. காய்ந்த போரும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். ஒரு துளையை உறுப்பினர்கள் முன்னால் கீழிருந்து மேலே அடைத்துக் காட்ட வேண்டும். அப்புறம், துளை போடும் இடத்தைச் சுற்றியுள்ள போர், கிணறு, ஊற்று அத்தனையிலும் வேலைக்கு முன் நீர்மட்டம் அளந்து, அதன் சொந்தக்காரரிடமே ஒரு நகல் கையெழுத்தோடு கொடுத்துவிட்டுத்தான் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டும்.